நில அதிர்வுத் தரவிலிருந்து எண்ணெய்ப் பொறியை அடையாளம் காணுதல்: புதியவர்களுக்கான வழிகாட்டி

நில அதிர்வுத் தரவு எண்ணெயையோ இயற்கை எரிவாயுவையோ நேராகக் காட்டுவதில்லை; ஒரு பாறையடுக்கு முடிந்து இன்னொன்று தொடங்கும் எல்லைகளைத்தான் காட்டுகிறது. அந்த எல்லைகளின் வடிவத்தைப் படித்து, ஆழத்திலிருந்து மேலேறி வந்த எண்ணெய் எங்கே தடுக்கப்பட்டிருக்கும், தடுக்கப்பட்ட இடத்திலிருந்தும் எந்த வழியாக ஒழுகிப் போயிருக்கும் என்று கணிப்பதே தரவைப் படிப்பவரின் வேலை. இத்துறைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் முதல் கேள்விக்கு விடை கிடைத்ததும் நின்றுவிடுகிறார்கள். திரையில் ஒரு மேடு தெரிந்தால் அதன் உச்சியில் கிணற்றைக் குறித்துவிடக் கை துறுதுறுக்கும். இரண்டாவது கேள்விதான் கடினமானது. கிணற்றின் செலவைக் காப்பாற்றுவதும் அதுதான். ஆகவே இந்த வழிகாட்டி அதையே முன்வைத்துச் செல்கிறது.

பொறிக்கு வேண்டியவை

எண்ணெயும் வாயுவும் நீரைவிட அடர்த்தி குறைந்தவை. பாறையின் நுண்துளைகளில் ஏற்கெனவே நிறைந்திருக்கும் உப்புநீரை விலக்கிக்கொண்டு அவை மேல்நோக்கியே நகரும். குறுக்கே எதுவும் இல்லையென்றால் தரைமட்டம் வரை வந்து வீணாகும். வழியில் அவை தங்குவதற்கு, கரிமப் பொருள் நிறைந்த மூலப் பாறை ஒன்று கீழே புதைந்து சூடாகியிருக்க வேண்டும். நுண்துளையும் ஊடுருவ இடமும் கொண்ட தேக்கப் பாறை, பெரும்பாலும் மணற்கல்லோ சுண்ணாம்புக்கல்லோ, அதற்கு எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். அதன்மேல் களிப்பாறை, உப்பு போன்ற ஊடுருவ விடாத மூடுபாறை படர்ந்திருக்க வேண்டும். இவை எல்லாம் சேர்ந்து மூடிய வடிவம் ஒன்றையும் உருவாக்கியிருக்க வேண்டும். அந்த வடிவத்தைத்தான் பொறி என்கிறோம். நீருக்குள் கவிழ்த்து வைத்த கிண்ணத்தில் காற்று நிற்பதைப் போல, பொறியில் எண்ணெய் மேலிருந்து கீழ்நோக்கி நிறையும். விளிம்பின் மிகத் தாழ்ந்த பகுதி அல்ல, மிக உயர்ந்த பகுதி எதுவோ அதன் வழியாகவே வெளியேறும். வெளியேறும் அந்த இடத்துக்கு வழிவுப் புள்ளி என்று பெயர்.

பொறிகளின் வகைகளைப் பாடநூல்கள் நீளமாகப் பட்டியலிடும். தொடக்கத்தில் மூன்றைப் புரிந்துகொண்டால் போதும். அடுக்குகள் மேல்நோக்கி வளைந்து உருவாகும் மேல்மடிப்பு முதலாவது. சவூதி அரேபியாவில் சுமார் 280 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கவார் வயல் இந்த வகையைச் சேர்ந்தது. பிளவுப்பெயர்ச்சியால் தேக்கப் பாறை துண்டிக்கப்பட்டு, எதிரே வந்து நிற்கும் களிப்பாறையால் அடைபடுவது இரண்டாவது. தேக்கப் பாறையே ஒரு பக்கமாக மெலிந்து மறைவதாலோ, அரிக்கப்பட்டு அதன்மேல் வேறு அடுக்கு படிந்ததாலோ உருவாகும் படிவியல் பொறி மூன்றாவது. 1930-ல் கண்டுபிடிக்கப்பட்ட கிழக்கு டெக்சஸ் வயலில் மேல்மடிப்பு எதுவும் இல்லை. உட்பைன் மணற்கல் கிழக்குப் பக்கமாக மெலிந்து மறைவதே அங்கே பொறி. மேட்டை மட்டும் தேடியவர்கள் ஒதுக்கிய அந்த இடத்திலிருந்து இதுவரை ஐந்நூறு கோடி பீப்பாய்க்கும் மேல் எண்ணெய் எடுக்கப்பட்டுள்ளது. இயற்கையில் இந்த மூன்றும் கலந்தே வரும். வடகடலின் பிரென்ட் வயலில் பிளவால் சாய்ந்த பாறைத் துண்டு ஒன்று அரிக்கப்பட்டு, பிறகு களிப்பாறையால் மூடப்பட்டிருக்கிறது.

படத்தின் கோடுகள் எங்கிருந்து வருகின்றன

வெடி, அதிர்வு லாரி, கடலானால் காற்றுத் துப்பாக்கி என்று ஏதோ ஒரு மூலத்திலிருந்து புறப்படும் ஒலி அலை கீழே சென்று, பாறை எல்லைகளில் ஒரு பகுதி எதிரொலித்துத் திரும்புகிறது. தரையில் ஜியோபோன்களும் கடலில் ஹைட்ரோபோன்களும் அதைப் பதிவு செய்கின்றன. 1921-ல் ஜான் கிளாரன்ஸ் கார்ச்சரும் அவருடைய குழுவினரும் ஒக்லஹோமாவில் செய்து பார்த்த சோதனையின் அடிப்படை இன்றும் மாறவில்லை. கருவிகளின் எண்ணிக்கையும் கணிப்பும்தான் பெருகியிருக்கின்றன.

எதிரொலியின் வலிமையை முடிவு செய்வது ஒலி எதிர்ப்பு, அதாவது பாறையின் அடர்த்தியை அதில் அலை செல்லும் வேகத்தால் பெருக்கினால் கிடைக்கும் எண். கீழ் அடுக்கின் ஒலி எதிர்ப்பிலிருந்து மேல் அடுக்கினுடையதைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் எதிரொலிக் கெழு கிடைக்கும். இந்தக் கணக்கை ஒருமுறையாவது கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. மேலே களிப்பாறை, அடர்த்தி 2.3, வேகம் நொடிக்கு 2400 மீட்டர் என்று கொள்வோம். ஒலி எதிர்ப்பு 5520. கீழே உப்புநீர் நிறைந்த மணற்கல், அடர்த்தி 2.15, வேகம் 2500. ஒலி எதிர்ப்பு 5375. கெழு வெறும் -0.013, இந்த எல்லை படத்தில் கண்ணுக்கே தெரியாது. அதே மணற்கல்லில் நீருக்குப் பதில் வாயு நிறைந்து, அடர்த்தி 2.0-க்கும் வேகம் 2000-க்கும் இறங்கினால், ஒலி எதிர்ப்பு 4000 ஆகிறது, கெழு -0.16, அதாவது முன்னதைப் போல் சுமார் 12 மடங்கு. வாயு இருக்கும் இடம் சில படங்களில் பளிச்சென்று தெரிவதற்கு இதுவே காரணம். இந்த எண்கள் பின்னால் மறுபடியும் தேவைப்படும்.

ஒரு கோடு ஒரு பாறையடுக்கு என்று எண்ணிவிடக் கூடாது. கோடு என்பது எல்லையின் எதிரொலி. அதுவும் அலையின் நீளத்தால் தடித்துப்போன எதிரொலி. வேகம் 2500, அதிர்வெண் 40 ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் சுமார் 62 மீட்டர். அதில் கால் பங்கு, ஏறத்தாழ 16 மீட்டருக்கும் மெல்லிய அடுக்கின் மேற்பரப்பையும் அடிப்பரப்பையும் தனித்தனியே பிரித்துப் பார்க்க முடியாது. ஆழம் கூடக் கூட வேகம் ஏறும், உயர் அதிர்வெண்கள் உறிஞ்சப்படும். வேகம் 3600, அதிர்வெண் 25 ஆகும்போது இந்த எல்லை 36 மீட்டராகிவிடுகிறது. பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் உயரம் அது.

முதல் படி: தரவை நம்புவதற்கு முன் சோதிப்பது

கோப்பைத் திறந்தவுடன் கோடு வரையத் தொடங்கக் கூடாது. செங்குத்து அச்சு நேரமா ஆழமா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் இருவழி நேரமாக இருக்கும், அதாவது அலை கீழே சென்று திரும்பிவர எடுத்த நேரம். சராசரி வேகம் 2500 என்றால் 2 நொடி என்பது 2500 மீட்டர் ஆழத்தைக் குறிக்கும். அடுத்து, ஒலி எதிர்ப்பு கூடும் எல்லை நேர் வீச்சாகப் பதிவாகியிருக்கிறதா எதிர் வீச்சாகப் பதிவாகியிருக்கிறதா என்று கண்டறிய வேண்டும். இரண்டு வழக்கங்களும் உலகில் புழங்குகின்றன. கோப்பின் தலைப்பில் எழுதியிருப்பதை அப்படியே நம்புவதைவிட, ஒலி எதிர்ப்பு நிச்சயமாகக் கூடும் ஓர் எல்லையை, கடல் தரையையோ தடித்த சுண்ணாம்புக்கல்லின் மேற்பரப்பையோ, பார்த்து நீங்களே உறுதி செய்துகொள்வது மேல். இதில் தவறினால் பின்னால் வரும் எல்லா வாயுக் குறிகளும் தலைகீழாகிவிடும்.

மைக்ரேஷன், அதாவது எதிரொலிகளை அவை உண்மையில் எழுந்த இடத்துக்கு நகர்த்தும் கணிப்பு, செய்யப்பட்ட தரவா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். செய்யப்படாத பழைய படங்களில் சரிவான எல்லைகள் தம் இடத்திலிருந்து விலகிக் கிடக்கும். குறுகிய பள்ளம்கூட வில்முடிச்சு போன்ற சிக்கலாகத் தெரியும், அந்தச் சிக்கலின் அடிப்பகுதி பொய்யான மேடாகக் கண்ணை ஏமாற்றும். கடல் தரவில் பன்முறை எதிரொலிகளையும் தேட வேண்டும். கடல் தரை 0.4 நொடியில் இருந்தால், 0.8-லும் 1.2-லும் அதே வடிவில் நிழல் கோடுகள் வரக்கூடும். அவற்றுக்குப் பாறையோடு தொடர்பு இல்லை.

செங்குத்து மிகையை, அதாவது கிடை அளவைவிடச் செங்குத்து அளவு படத்தில் எத்தனை மடங்கு நீட்டப்பட்டிருக்கிறது என்பதை, பலர் கணக்கிடுவதே இல்லை. 1 நொடிக்கு 10 சென்டிமீட்டர், 1 கிலோமீட்டருக்கு 2.5 சென்டிமீட்டர் என்ற அளவில் அச்சான படத்தில், வேகம் 2500 எனக் கொண்டால், மிகை 3.2 மடங்கு. உண்மையில் 10 பாகை சாய்ந்த அடுக்கு அங்கே ஏறத்தாழ 29 பாகை சாய்ந்ததாகத் தெரியும். பிரமாண்டமான மலைபோல் தோன்றும் பல பொறிகள் உண்மையான அளவில் வரைந்தால் மெல்லிய வீக்கங்களாகச் சுருங்கிவிடும். திரையின் அளவைச் சரிசெய்து ஒருமுறை அப்படியும் பார்த்துக்கொள்ளுங்கள்; ஆசை கொஞ்சம் அடங்கும்.

இரண்டாம் படி: கிணற்றோடு இணைப்பது

படத்தில் உள்ள எந்தக் கோடு எந்தப் பாறை என்று சொல்வதற்குக் கிணறு ஒன்று வேண்டும். கிணற்றில் இறக்கிய கருவிகள் தந்த ஒலிவேகப் பதிவையும் அடர்த்திப் பதிவையும் பெருக்கி ஒலி எதிர்ப்பைப் பெறுகிறோம். அதிலிருந்து எதிரொலிக் கெழுக்களின் வரிசை வருகிறது. அதைத் தரவின் அலை வடிவத்தோடு சேர்த்தால் அந்தக் கிணற்றடியில் நில அதிர்வுப் படம் எப்படி இருந்திருக்க வேண்டும் என்ற செயற்கைச் சுவடு கிடைக்கிறது. இதைத் துறையில் எல்லோரும் சிந்தெடிக் என்றே அழைக்கிறார்கள். சிந்தெடிக்கை உண்மைத் தரவின் பக்கத்தில் வைத்து, வலுவான எதிரொலிகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

பொருந்தாதபோது அதை இழுத்தும் சுருக்கியும் பொருத்திவிட மென்பொருள் தாராளமாக அனுமதிக்கும். ஒட்டுமொத்தமாகச் சில மில்லிநொடி மேலே கீழே நகர்த்துவது நியாயமானது. ஆனால் இடையிடையே பிடித்து இழுத்தால், பாறையின் வேகத்தையே நீங்கள் புதிதாக எழுதுகிறீர்கள் என்று பொருள். அப்படிச் செய்தே ஆக வேண்டுமென்றால், இழுத்த பகுதியில் வேகம் எவ்வளவாக மாறியது என்று பாருங்கள். களிப்பாறையில் நொடிக்கு 5000 மீட்டர் என்று வந்தால், தவறான எதிரொலியோடு பொருத்தியிருக்கிறீர்கள். தரைமட்டத்தில் அதிர்வை எழுப்பிக் கிணற்றுக்குள் நேரம் அளக்கும் செக்‌ஷாட் அளவீடு இருந்தால் முதலில் அதைப் பயன்படுத்த வேண்டும். மற்ற எல்லாப் பொருத்தமும் அதற்குப் பிறகுதான்.

மூன்றாம் படி: பிளவுகள் முதலில், ஹொரைசான்கள் பிறகு

ஓர் எல்லையைப் படம் முழுவதும் பின்தொடர்ந்து குறிப்பதற்கு ஹொரைசான் எடுப்பது என்று பெயர். தொடங்குபவர்கள் ஹொரைசானை முதலில் எடுத்து, கோடு அறுபடும் இடங்களில் பிளவைப் பிறகு ஒட்டுகிறார்கள். வரிசையை மாற்றிக்கொள்வதே நல்லது. முப்பரிமாணத் தரவானால், 1995-ல் அறிமுகமாகி விரைவில் எங்கும் பரவிய கோகிரன்ஸ் கணிப்பைக் குறிப்பிட்ட ஒரு நேரத்தில் கிடைமட்டமாக வெட்டிப் பாருங்கள். அண்டைச் சுவடுகள் (ஒவ்வோர் இடத்துக்கும் உரிய அலைப் பதிவுகள்) ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இடங்கள் கறுத்த இழைகளாகத் தெரியும், பிளவுகளின் வரைபடம் கிட்டத்தட்ட ஆயத்தமாகவே கிடைத்துவிடும். பிறகு அந்த இழைகளுக்குக் குறுக்காக, செங்கோணத்தில் வெட்டிய படங்களில் பிளவின் சாய்வைக் குறியுங்கள். பிளவுக்கு இணையாக ஓடும் படத்தில் அதைக் குறிக்க முயன்றால் குழப்பமே மிஞ்சும்.

ஹொரைசானை எடுக்கும்போது வளையமாகச் செல்லுங்கள்: ஓர் இன்லைனில் (முப்பரிமாணத் தரவின் ஒரு திசையில் வெட்டிய படம்) தொடங்கி, கிராஸ்லைனில் (அதற்குச் செங்கோணத்தில் வெட்டிய படம்) திரும்பி, வேறோர் இன்லைன் வழியாகப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். அதே கோட்டில் வந்து சேராவிட்டால் வழியில் எங்கோ ஒரு பிளவைத் தாண்டும்போது கோடு மாறிவிட்டது. கணினியின் தானியங்கிப் பின்தொடர்தல் அமைதியான அடுக்குகளில் நன்றாக வேலை செய்யும். பிளவருகே அதை நம்ப வேண்டாம்.

படிவியல் பொறியைத் தேடுபவர்கள் கோடுகள் முடியும் விதத்தைக் கவனிக்க வேண்டும். சரிவான கோடுகள் மேலே உள்ள ஒரு பரப்பில் போய் வெட்டுண்டு முடிந்தால் அங்கே அரிப்பு நடந்திருக்கிறது. கிடையான கோடுகள் பக்கவாட்டில் ஒரு சரிவின்மேல் ஏறி ஒவ்வொன்றாக முடிந்தால், அந்தச் சரிவு ஏற்கெனவே இருந்தபோது அவை படிந்திருக்கின்றன. மணற்கல் மெலிந்து மறையும் இடங்கள் இத்தகைய ஓரங்களில்தான் பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் கோடு முடியும் இடத்தில் அடுக்கும் முடிகிறது என்று கொள்ள முடியாது. கால் அலைநீளத்துக்கும் கீழே மெலிந்த மணல், படத்தில் மங்கி மறைந்த பின்பும் இன்னும் சில நூறு மீட்டர் மேலே தொடரலாம். எண்ணெய் அந்த மெல்லிய வழியாகவே ஒழுகியிருக்கலாம்.

நான்காம் படி: நேரத்தை ஆழமாக மாற்றுவது

நேரத்தில் வரைந்த வரைபடத்தில் மூடிய சமக்கோடு (ஒரே மதிப்புள்ள இடங்களை இணைக்கும் கோடு) தெரிவதும், ஆழத்தில் மூடிய பொறி இருப்பதும் வேறு வேறு. உப்பை எடுத்துக்கொள்வோம். உப்பில் அலை நொடிக்குச் சுமார் 4500 மீட்டர் வேகத்தில் செல்லும். சுற்றியுள்ள படிவுகளில் வேகம் 3000 என்றால், 500 மீட்டர் தடிப்புள்ள உப்பைக் கடக்க இருவழியாக 222 மில்லிநொடி. அதே தடிப்புள்ள படிவைக் கடக்க 333 மில்லிநொடி. ஆகவே உப்புக்கு நேர் கீழே உள்ள தட்டையான அடுக்கு, படத்தில் 111 மில்லிநொடி மேலே தூக்கப்பட்டு, 167 மீட்டர் உயரமுள்ள அழகான மேல்மடிப்பாகத் தோன்றும். அந்தப் பாறையில் வளைவே கிடையாது. மேலே ஆழமற்ற வாயு கிடந்தால் இதற்கு எதிர்மாறாக நடக்கும்: அலை மெதுவாகி, கீழுள்ள கோடுகள் எல்லாம் தொய்ந்து, உண்மையான மேல்மடிப்பின் உச்சியே பள்ளமாகத் தெரியலாம்.

எனவே மேலிருந்து கீழாக, வேகம் பெரிதும் மாறும் எல்லைகளைக் கொண்டு அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கிணறுகளிலிருந்து பெற்ற வேகத்தைக் கொடுத்து ஆழமாக மாற்றுவது தொடங்குபவருக்கு ஏற்ற முறை. தரவைச் செம்மைப்படுத்தும்போது கிடைக்கும் ஸ்டாக்கிங் வேகங்களை நேரடியாகப் பாறையின் வேகமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவை படத்தைத் தெளிவாக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. மாற்றிய பிறகு ஒரு சோதனை: வேகத்தைப் பொறியின் ஒரு பக்கத்தில் மட்டும் 3 விழுக்காடு கூட்டிப் பாருங்கள். 2200 மீட்டர் ஆழத்தில் அது 66 மீட்டர் மாற்றம். உங்கள் பொறியின் மொத்த உயரமே 70 மீட்டர் என்றால், கிணறு எதன்மேல் நிற்கப்போகிறது என்று தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: எங்கே ஒழுகும்?

ஆழ வரைபடம் கிடைத்ததும் உச்சியைப் பார்க்காமல் விளிம்பைப் பாருங்கள். மூடிய சமக்கோடுகளில் மிக ஆழமானது எது என்று கண்டுபிடித்து, அதற்கு அடுத்த கோடு எந்த இடத்தில் திறந்துகொள்கிறது என்று குறியுங்கள். உச்சி 2140 மீட்டரிலும் வழிவுப் புள்ளி 2210 மீட்டரிலும் இருந்தால், அந்தப் பொறி தாங்கக்கூடிய எண்ணெய்த் தூணின் உயரம் அதிகபட்சம் 70 மீட்டர். வழிவுப் புள்ளி இருக்கும் சேணம் போன்ற தாழ்வான இடத்தில் தரவின் தரம் எப்படி, அங்கே ஹொரைசான் உறுதியாக எடுக்கப்பட்டதா, அருகில் வேகத்தை அளந்த கிணறு உண்டா என்று தனியாகப் பாருங்கள். உச்சியில் 10 மீட்டர் பிழை இருந்தால் பெரிய கேடில்லை. சேணத்தில் 10 மீட்டர் பிழை பொறியின் பரப்பையே மாற்றிவிடும். மென்பொருள் வரையும் சமக்கோடுகள் தரவில்லாத இடங்களில் வழவழப்பாக மூடிக்கொள்ளும் பழக்கம் உடையவை என்பதால், கிரிட் செய்யுமுன், அதாவது எடுத்த புள்ளிகளுக்கு இடையே உள்ளதை மென்பொருளைக் கொண்டு நிரப்புமுன், புள்ளிகள் உண்மையில் எங்கே இருக்கின்றன என்று ஒரு பார்வை பார்த்துவிடுவது அவசியம்.

பிளவை நம்பி நிற்கும் பொறியில் வேலை இரட்டிப்பாகும். உயர்ந்த பக்கத்தில் 60 மீட்டர் தடித்த தேக்கப் பாறை, அதன்மேல் 100 மீட்டர் களிப்பாறை, அதற்கும் மேலே இன்னொரு மணற்கல் என்று வைத்துக்கொள்வோம். பிளவு எதிர்ப்பக்கத்தை 40 மீட்டர் இறக்கியிருந்தால், தேக்கப் பாறையின் கீழ்ப்பகுதி 20 மீட்டர் அளவுக்குத் தன் தொடர்ச்சியையே எதிரே தொட்டுக்கொண்டிருக்கிறது. அந்த உயரத்துக்குக் கீழே எண்ணெய் நிற்கும் என்று சொல்ல முடியாது. 80 மீட்டர் இறக்கியிருந்தால் முழுப் பாறையும் களிப்பாறையை எதிர்கொள்ளும், பொறி தாங்கும். 120 மீட்டர் இறக்கியிருந்தால் மேலேயிருந்த இன்னொரு மணற்கல் உச்சியின் எதிரே வந்து நிற்கும். மிக உயரமான இடத்திலேயே ஓட்டை. ஒரே பிளவின் இறக்கம் நெடுகிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. நடுவில் அதிகமாக இருந்து முனைகளில் சுழியமாகிவிடும். ஆகவே பிளவின் நீளவாக்கில் 500 மீட்டருக்கு ஒருமுறை இறக்கத்தை அளந்து, இருபக்க அடுக்குகளையும் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து, மணலும் மணலும் சந்திக்கும் கட்டங்களுக்கு நிறம் கொடுங்கள். பிளவு நகரும்போது இழுபட்ட களி, சுவரில் பூசியதுபோல் படர்ந்து மணலுக்கும் மணலுக்கும் இடையே அடைப்பு உண்டாக்குவதும் உண்டு. அது கிடைத்தால் நன்மை, அதை எதிர்பார்த்துக் கிணற்றிடத்தைத் தேர்ந்தெடுப்பது துணிச்சல்.

மூடுபாறை எவ்வளவு தடித்திருக்க வேண்டும் என்று அடிக்கடி கேட்கப்படுகிறது. நார்வேயின் ஸ்லெய்ப்னர் பகுதியில் 1996 முதல் கரியமில வாயு கடலடியின் உட்சிரா மணற்கல்லுக்குள் செலுத்தப்படுகிறது. அதே இடத்தில் திரும்பத் திரும்ப நில அதிர்வுத் தரவு எடுத்துப் பார்த்தபோது, வாயு மேலேறும் வழியில் ஒன்பது மட்டங்களில் தட்டுத்தட்டாகப் பரவி நின்றது தெரிந்தது. அந்த மட்டங்களில் அதைத் தடுத்த களி இடையடுக்குகளில் பலவும் சுமார் ஒரு மீட்டர் தடிப்பே உடையவை. வாயு வருமுன் எடுத்த 1994-ஆம் ஆண்டுத் தரவில் அவற்றைப் பிரித்துக் காண வழியில்லை. மெல்லிய களியும் தடுக்கும். ஆனால் வாயு கடைசியில் அவற்றைக் கடந்து மேல் மட்டம் வரை ஏறியும் விட்டது. பொறி இயங்கும் விதத்தை இவ்வளவு நேரடியாகக் காட்டும் தரவு அரிது. நேரம் கிடைக்கும்போது அந்தப் படங்களைப் பார்க்கத் தவற வேண்டாம்.

ஆறாம் படி: பளிச்சென்ற இடங்களை விசாரிப்பது

முன்பு போட்ட கணக்கு இப்போது பயன்படும். வாயு நிறைந்த மணலின் மேற்பரப்பு வலுவான எதிர் வீச்சைத் தரும்; இதுவே ப்ரைட் ஸ்பாட். அதே மணலுக்குள் வாயு முடிந்து நீர் தொடங்கும் மட்டத்தில் ஒலி எதிர்ப்பு 4000-லிருந்து 5375-க்கு ஏறுகிறது, கெழு +0.147. பாறையின் சரிவைப் பொருட்படுத்தாமல், அடுக்குகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கிடையாக நிற்கும் இந்த எதிரொலியை ஃபிளாட் ஸ்பாட் என்பார்கள். வடகடலின் ஃபிரிக் வாயு வயலும் ட்ரோல் வயலும் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டுகள். ஒலி எதிர்ப்பு கூடும் எல்லை நேர் வீச்சாகப் பதிவாகும் தரவில், ஃபிளாட் ஸ்பாட்டின் வீச்சு எப்போதும் நேர்க்குறியாகவே இருக்க வேண்டும். அத்தகைய படத்தில் எதிர்க்குறியாக இருந்தால் அது வாயு-நீர் எல்லை ஆகாது. நேரப் படத்தில் அது சற்றுத் தொய்ந்து தெரியலாம், மேலேயுள்ள வாயு அலையை மெதுவாக்குவதால்.

இவற்றை எளிதில் நம்பக் கூடாது என்பதற்குக் காரணங்கள் உண்டு. நுண்துளையில் நூற்றுக்கு ஐந்து பத்து பங்கு வாயு கலந்தாலே திரவத்தின் அழுத்தப்படும் தன்மை பெருமளவு மாறி, வேகம் சட்டென்று இறங்கிவிடும். அதற்கு மேல் எவ்வளவு வாயு சேர்ந்தாலும் வேகத்தில் பெரிய மாற்றம் இல்லை. ஆகவே ஒருகாலத்தில் நிறைந்திருந்து ஒழுகிப்போன பொறியின் மிச்சமும், முழுமையாக நிறைந்த பொறியும் ஏறத்தாழ ஒரேபோலப் பளிச்சிடும். நிலக்கரிப் படுகையும் பளிச்சிடும். சிலிக்கா நிறைந்த படிவுகளில் ஆழமும் வெப்பமும் கூடும்போது கனிமம் உருமாறும் எல்லை, அடுக்குகளை வெட்டிச் சென்று ஃபிளாட் ஸ்பாட் போலவே நடிக்கும். இன்னும் ஆழத்தில், பாறை இறுகி, நீர் நிறைந்த மணலே களியைவிடக் கெட்டியாகிவிட்ட இடங்களில், வாயு வந்தால் எதிரொலி மங்கும். அங்கே பளிச்சென்ற இடத்தைத் தேடுபவர் தவறான பக்கம் போவார்.

விசாரணையில் முதலில் கேட்க வேண்டியது, பளிச்சென்ற பகுதியின் ஓரம் ஆழ வரைபடத்தின் சமக்கோட்டோடு ஒத்துப்போகிறதா என்பது. வீச்சு வரைபடத்தின்மேல் ஆழக் கோடுகளை இட்டுப் பாருங்கள். எல்லாப் பக்கமும் 2185 மீட்டர் கோட்டிலேயே பளிச்சு முடிந்தால், அங்கே ஒரு திரவ எல்லை இருப்பதற்கு அதைவிட நல்ல சான்று நில அதிர்வில் கிடைப்பது கடினம். நம் எடுத்துக்காட்டில் வழிவுப் புள்ளி 2210. ஆகவே பொறி 25 மீட்டர் நிறையாமல் நிற்கிறது. வந்த வாயு அவ்வளவுதானா, அல்லது 2185-ல் நீங்கள் கவனிக்காத ஓட்டை ஒன்று இருக்கிறதா? பிளவுத் தாளை மறுபடி எடுத்துப் பாருங்கள். அந்த ஆழத்தில் மணலும் மணலும் சந்திக்கும் கட்டம் ஒன்று இருந்தால் விடை கிடைத்துவிட்டது.

பொறிக்கு மேலே, கோடுகள் சிதைந்து புகைபோல் நிமிர்ந்து செல்லும் பகுதி தெரிந்தால் அது வாயு மேலேறிய தடமாக இருக்கலாம். கீழே மூலப் பாறை வேலை செய்திருக்கிறது என்பதற்கு அது நற்செய்தி. மூடுபாறையில் கசிவு உண்டு என்பதற்கு அதுவே கெட்ட செய்தி.

ஏழாம் படி: காலத்தைக் கேட்பது

பொறி இருக்கிறது, மூடுபாறை இருக்கிறது, வடிவம் ஆழத்திலும் நிற்கிறது. அப்படியும் வெறும் நீர் கிடைக்கலாம். அலாஸ்காவுக்கு வடக்கே போஃபர்ட் கடலில் இருந்த மக்லக் என்ற பெரும் வடிவத்தைத் துளைப்பதற்கான குத்தகைகளுக்கே நூறு கோடி டாலருக்கும் மேல் கொடுக்கப்பட்டது; 1983-ல் துளைத்தபோது பாறையில் எண்ணெய்க் கறை இருந்தது, எடுக்கும் அளவுக்கு எண்ணெய் இல்லை. ஒருகாலத்தில் அங்கே எண்ணெய் தங்கியிருந்து பிறகு வெளியேறிவிட்டது என்பதே அந்தக் கறையின் பொருள்.

இதை ஓரளவு முன்கூட்டியே ஆராய நில அதிர்வுத் தரவே உதவும். வடிவத்தின் மேலுள்ள அடுக்குகளின் தடிப்பைப் பாருங்கள்: எந்த அடுக்கு உச்சியின்மேல் மெலிந்து பக்கங்களில் தடித்திருக்கிறதோ, அது படிந்த காலத்தில் மேடு வளர்ந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்துக்குப் பிறகு மூலப் பாறை எண்ணெய் தந்ததா, அதற்கு முன்பே தந்து முடித்துவிட்டதா என்பதைப் புதைவு வரலாற்றோடு ஒப்பிட வேண்டும். பிளவுகள் மேல் அடுக்குகள் வரை வெட்டிச் செல்கின்றனவா, பொறிக்கு மேலேயே நின்றுவிடுகின்றனவா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அண்மைக் காலத்தில் அசைந்த பிளவு, முன்பு நன்றாக அடைத்திருந்தாலும் மறுபடி திறந்திருக்கலாம். ஓர் அரிப்புப் பரப்பைத் தட்டையாக்கிப் பார்த்தால், அந்தக் காலத்தில் வடிவம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதும் வழிவுப் புள்ளி அப்போது எங்கே இருந்தது என்பதும் தோராயமாகத் தெரியும்.

பழகுவதற்கு

நெதர்லாந்தின் வடகடல் பகுதியில் 1987-ல் எடுக்கப்பட்ட எஃப்3 முப்பரிமாணத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது; ஓபன்டெக்ட் என்ற திறந்த மூல மென்பொருளில் அதைத் திறக்கலாம். ஏறத்தாழ 24 கிலோமீட்டருக்கு 16 கிலோமீட்டர் பரப்பு, 4 மில்லிநொடி இடைவெளியில் 1.848 நொடி வரை பதிவு, கூடவே நான்கு கிணறுகள். பழைய டெல்டா ஒன்று கடலுக்குள் முன்னேறிய சாய்ந்த அடுக்குகள், அவை கீழே ஒரு பரப்பில் போய் முடியும் விதம், ஆழமற்ற வாயுவின் பளிச்சென்ற இடங்கள், அடியில் உப்பின் மேலெழுச்சி என்று இந்தக் கட்டுரையில் வந்தவற்றில் பெரும்பகுதி அதில் இருக்கிறது. முதலில் ஒரே ஒரு பளிச்சென்ற இடத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் மேற்பரப்பை ஹொரைசானாக எடுத்து, வீச்சு வரைபடத்தின்மேல் நேரக் கோடுகளை இட்டு, எந்தப் பக்கத்தில் கோட்டோடு ஒத்துப்போகிறது, எந்தப் பக்கத்தில் ஒத்துப்போகவில்லை என்று எழுதிவையுங்கள். ஒத்துப்போகாத பக்கத்தில் பிளவு உண்டா, மணல் மெலிகிறதா, உங்கள் ஹொரைசான் அங்கே கோடு மாறியதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்த பிறகு அடுத்த இடத்துக்குப் போகலாம்.